ஃப்ரோஸன் படம் ஏன் ஐஸ் வெட்டுறவங்க பாட்டோட ஆரம்பிக்குது? அக்கா தங்கச்சி பாட்டையே முதல்ல வச்சிருக்கலாமே?

எங்க பாம்பன் பக்கம் புள்ளைங்களும் இதுக்கு ரெண்டு கட்சியா நிக்கிதுங்க. என்னைக் கேட்டா ஐஸ் பாட்டுதான் சரி. டைட்டில் ஓடும்போது வர்ற கோரஸ் வேற, அது நார்வேக்காரர் ஃப்ரோட ஃபியல்ஹெய்ம் போட்டது, வடக்கு ஐரோப்பாவுல வாழ்ற ‘சாமி’ங்கிற பழங்குடிகளோட யோய்க்ங்கிற பாட்டு பாணி, பாதிப்பேரு ரெண்டையும் ஒண்ணாக்கிக் குழப்பிக்கிறாங்க. அதுக்கப்புறம் வர்றதுதான் ரம்பத்தால ஐஸ அறுத்துக்கிட்டே பாடுற பாட்டு, இங்க கரைவலை இழுக்கும்போது பாடுற அம்பா பாட்டு மாதிரியேதான், கை போற வேகம்தான் தாளம். வரியக் கவனிங்க, ஐஸ் அழகு ஆனா ஆபத்து, உறைஞ்ச மனசுகிட்ட ஜாக்கிரதைன்னு பாடுறாங்க, அக்கா எல்சாவக் காட்டுறதுக்கு முன்னாடியே கதைய சொல்லியாச்சு, பின்னாடி முக்கியமா வர்ற குட்டிப் பையன் கிறிஸ்டாஃபும் அவனோட கலைமான் ஸ்வென்னும் அங்கயே வந்துடுறாங்க.

அக்கா தங்கச்சி பாட்டான அந்த ஸ்னோமேன் பாட்ட முதல்ல வச்சா? தங்கச்சி ஆனாவுக்கு அடிபட்ட சீனே இன்னும் வரலை, அக்கா ஏன் கதவ சாத்திக்கிறான்னு யாருக்கும் புரியாது, அப்புறம் எங்க அழுகை வர்றது. ஆனா அந்த ஐஸ் வெட்டுற ஆளுங்க அப்புறம் கதைல பெருசா வர்றதே இல்லன்னு எதிர்க்கட்சி சொல்றது நியாயம்தான்.