மியூசியத்துல பூச்சி கலெக்‌ஷனைப் பாத்துக்கறவங்களுக்கு என்ன வேலை? சும்மா உக்காந்து சம்பளம் வாங்குறதுதானா?

அந்த 'சும்மா'வுக்காகத்தான் பதில் எழுதறேன். நீங்க ஜுவாலஜி முடிச்சிட்டு எங்கயோ வேகன்சி பாத்துட்டுக் கேக்கறீங்கன்னு வச்சுக்கறேன். நான் காரைக்குடி பக்கம் ஒரு காலேஜ் மியூசியத்துல இதே வேலைதான் பாக்கறேன்.

பாதி வேலை, செத்த பூச்சியைத் திங்க வர்ற பூச்சியோட மல்லுக்கட்டறது. ஆந்த்ரீனஸ்னு ஒரு குட்டி வண்டு, அதோட புழு, பூச்சிங்களை ஊசியில குத்தி வச்சிருக்கற பெட்டிக்குள்ள புகுந்துச்சுன்னா ஊசிதான் மிஞ்சும். ஊசிக்குக் கீழ காப்பித்தூளாட்டம் பொடி கிடந்தா அன்னைக்கு வேற வேலை ஓடாது, பெட்டியை பிளாஸ்டிக் கவர்ல சுத்தி மைனஸ் 20 டிகிரில ரெண்டு வாரம் வைக்கணும், வெளிய எடுத்த உடனே கவரைப் பிரிச்சா உள்ள வேர்த்து பூஞ்சை பிடிச்சிடும், அதனால குளிர் விடட்டும்னு காத்திருக்கணும். அந்தக் காத்திருக்கறதப் பாத்துதான் 'சும்மா'ங்கறாங்க போல.

இங்க ஒரு பெரிய வீட்டைப் பாகம் பிரிச்சு சாமானெல்லாம் வித்தாங்க. அந்த வீட்டு ஐயா பூச்சி சேத்து வச்சவரு, கண்ணாடி மூடி போட்ட தேக்குப் பெட்டிங்க. நான் போறதுக்குள்ள பழைய சாமான் எடுக்கறவர் கைக்குப் போயிடுச்சு. அவருக்குப் பெட்டி, எனக்குப் பூச்சி, தகராறே இல்லன்னு நினைச்சேன். "தம்பி, உங்களுக்காகக் கிளீன் பண்ணியே வச்சிருக்கேன்"னாரு. ஊசியில இருந்த லேபிளையெல்லாம் அழுக்குப் பேப்பர்னு உருவிப் போட்டிருக்காரு! பொன்வண்டு பச்சையா மின்னுது, வலது இறக்கை மூடியில முறையா ஊசி போட்டிருக்கு, ஆனா எந்த ஊர்ல, என்னைக்கு, யார் பிடிச்சதுன்னு ஒண்ணும் கிடையாது. இனி ஸ்கூல் பசங்களுக்குக் காட்டலாம், ஆராய்ச்சிக்கு ஆகாது. அவர் கை படாத ஒரே ஒரு பெட்டி கிடைச்சுது, எறும்பு சைஸ் கையெழுத்துல "கானாடுகாத்தான், ராத்திரி, லைட்டுக்கு வந்தது"ன்னு தேதியோட ஐயா எழுதியிருந்தாரு. இந்த வண்டு இந்த ஊர்ல இருந்துச்சுங்கறதுக்கு அந்தத் துண்டுச்சீட்டுதான் சாட்சி. காரைக்குடியில பழைய சாமான் கடைங்க இருக்கற முனீஸ்வரன் கோயில் தெருவுல பித்தளைத் தவலைக்கும் பீங்கான் ஜாடிக்கும் விலை இருக்கு, அந்தச் சீட்டுக்கு இல்ல.

உயிரைக் கொன்னு குத்தி வைக்கறது பாவம்னு கமெண்ட்ல வருவீங்க, தெரியும். வீட்ல கொசு பேட்டைக் கீழ வச்சிட்டு வாங்க. நாங்க எல்லாத்தையும் பிடிக்கறதில்ல, பாதிக்கு மேல பழைய கலெக்‌ஷன்தான்.

இன்னொண்ணு, சம்பந்தமில்லதான், இருந்தாலும் சொல்லிடறேன். எங்க ஊர்ல வருஷம் பூரா ஷூட்டிங். ஒரு தடவை ஆர்ட் டிபார்ட்மென்ட் ஆளு வந்து பட்டாம்பூச்சிப் பெட்டியை வாடகைக்குக் கேட்டான், எதுக்குப்பான்னா சைக்கோ வில்லன் ரூமுக்காம். பூச்சி சேக்கறவன்னாலே சினிமாவுல கொலைகாரன்தானா? இதைப் பாத்துட்டுத்தான் பொண்ணு வீட்ல எங்களை ஒரு மாதிரி பாக்கறாங்க.

வேகன்சிக்கு அப்ளை பண்றதுக்கு முன்னாடி கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்துல 2018-ல திறந்த பூச்சி மியூசியத்தை ஒருக்கா பாத்துட்டு வாங்க. பாச்சை உருண்டை வாசம் ஒத்துக்காதுன்னா இந்த வேலையே வேண்டாம். சம்பளம் எவ்வளவுன்னு மட்டும் இன்பாக்ஸ்ல கேக்காதீங்க.