வார்டில் நடக்கும் நடை உடற்பயிற்சிக் கணக்கில் சேருமா?

கேள்வி இரண்டு பகுதியாக இருக்கிறது. நர்ஸ்களும் ஆஸ்பத்திரி ஊழியர்களும் நாள் முழுக்க ஓடிக்கொண்டேதானே இருக்கிறார்கள், அவர்களுக்கும் தனியாக உடற்பயிற்சி வேண்டுமா என்பது ஒன்று. நம்மை வாக்கிங் போகச் சொல்கிற டாக்டரே ஏன் தொப்பையோடு உட்கார்ந்திருக்கிறார் என்பது இன்னொன்று.

நான் திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட். மதியம் நோயாளிகள் கூட்டம் குறைந்ததும் என் அறைக்கு வருவதெல்லாம் எங்கள் ஆட்கள்தான். "சார், இடுப்பு பிடிச்சுக்கிச்சு, கொஞ்சம் பாருங்க" என்று சிஸ்டர்கள், குதிகால் வலி என்று ஹவுஸ்கீப்பிங் அக்காக்கள், கழுத்தைப் பிடித்துக்கொண்டு டாக்டர்கள். அதனால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

முதல் கேள்விக்கு நேரடியான பதில்: வேண்டும். வார்டில் நடக்கிற நடை அந்த வேலையைச் செய்யாது.

ஒரு சிஸ்டரைப் பத்து நிமிடம் கவனித்துப் பாருங்கள். நர்சிங் ஸ்டேஷனிலிருந்து நாலாவது பெட் வரை போவார், டிரிப்ஸ் பாட்டிலை மாற்றிவிட்டு அங்கேயே நின்று சொட்டு எண்ணுவார், பக்கத்து பெட்டில் பி.பி. பார்ப்பார், திரும்பி வந்து குனிந்த வாக்கில் கேஸ் ஷீட்டில் எழுதுவார், எழுதி முடிப்பதற்குள் அடுத்த பெல். இருபது அடி நடை, மூன்று நிமிடம் நிற்பது, மறுபடி இருபது அடி, மறுபடி நிற்பது. அமெரிக்காவில் 36 மருத்துவமனைகளில் நர்ஸ்களின் நேரத்தையும் நடையையும் அளந்து 2008-இல் ஓர் ஆய்வு வந்தது. பத்து மணி நேரப் பகல் ஷிப்டில் ஒருவர் நடப்பது சுமார் 3 மைல், அதாவது ஐந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அதையே பத்து மணி நேரத்தில் துண்டு துண்டாக்கிப் போட்டால் இதயத் துடிப்பு சொல்லிக்கொள்கிற மாதிரி ஏறவே ஏறாது.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, இல்லையென்றால் 75 முதல் 150 நிமிடம் தீவிரமான உழைப்பு, அது போக வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கான பயிற்சி வேண்டும். மிதமானது எது என்று தெரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி இருக்கிறது: பேச முடியும், பாட முடியாது. எங்கள் வார்டில் டிராலி தள்ளிக்கொண்டே முழுப் பாட்டும் பாடுகிற சிஸ்டர் ஒருவர் இருக்கிறார், சரணம் உட்பட.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. வேலையில் செய்கிற உழைப்பும் நம் விருப்பத்துக்குச் செய்கிற உழைப்பும் உடம்புக்கு ஒரே மாதிரி பலன் தருவதில்லை என்று டென்மார்க்கில் ஆந்திரேயாஸ் ஹோல்டர்மன் என்பவரின் குழு பல வருடங்களாகச் சொல்லி வருகிறது. கோபன்ஹேகன் பகுதியில் ஒரு லட்சத்து நாலாயிரம் பேரைப் பத்து வருடம் போலத் தொடர்ந்து பார்த்து 2021-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். ஓய்வு நேரத்தில் அதிகம் அசைந்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்ற ஆபத்து குறைந்திருந்தது. வேலையில் அதிகம் உழைத்தவர்களுக்கோ கூடியிருந்தது, புகை, எடை, படிப்பு இதையெல்லாம் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும்.

அவர்கள் சொல்லும் காரணங்கள் எங்கள் வார்டுக்கு அப்படியே பொருந்துகின்றன. வேலை உழைப்பு இதயத்தைப் பலப்படுத்தும் அளவுக்குத் தீவிரமாக இருக்காது, ஆனால் மணிக்கணக்கில் நீளும். எடை தூக்கும்போதும் ஒரே நிலையில் நிற்கும்போதும் ரத்த அழுத்தம் ஏறும். களைத்ததும் உட்கார முடியாது, ஏனென்றால் எப்போது நிறுத்துவது என்பது நம் கையில் இல்லை. போதிய ஓய்வு கிடைப்பதற்குள் மறுநாள் டியூட்டி. கடினமான உடலுழைப்பு வேலைக்குப் போகிறவர்களுக்கு வறுமை, தூக்கமின்மை என்று வேறு சிக்கல்களும் இருக்கும், அதையெல்லாம் முழுதாகக் கழித்துவிட முடியாது என்று எதிர்வாதமும் உண்டு, நியாயமான வாதம்தான். லண்டனில் ஜெரமி மாரிஸ் 1953-இல் வெளியிட்ட பழைய ஆய்வில் மாடி பஸ் ஓட்டுநர்களைவிட நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவு என்று வந்ததே என்று நீங்கள் கேட்கலாம். அந்த நடத்துநர்கள் ஒரு நாளைக்கு ஐந்நூறு படிக்கு மேல் ஏறியவர்கள். எங்கள் ஆஸ்பத்திரியில் ஊழியர்கள் படியில் ஏறலாம் என்றால் பாதி மாடிகளில் படிக்கட்டுக் கதவைச் செக்யூரிட்டி பூட்டி வைத்திருக்கிறார், கேட்டால் பார்வையாளர்கள் ஏறிவிடுகிறார்கள் என்கிறார்.

எடை தூக்குவதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நோயாளியைத் தூக்கும்போது ஓர் ஊழியர் கையால் தாங்க வேண்டிய அதிகபட்ச எடை 35 பவுண்டு, சுமார் 16 கிலோ என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு வல்லுநர்களின் கணக்கு, அதுவும் நல்ல சூழ்நிலையில். நம் ஊரில் எழுபது கிலோ ஆள் படுக்கையில் கீழே சரிந்துவிட்டால் இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பெட்ஷீட்டைச் சுருட்டிப் பிடித்து "ஒன், டூ, த்ரீ" சொல்லி மேலே இழுப்பதுதான் முறை. கட்டிலின் உயரத்தை ஏற்றிக்கொள்ள யாருக்கும் நேரம் இல்லை, குனிந்தபடியே இழுக்கிறார்கள். இதை ஒரு ஷிப்டில் பல தடவை செய்துவிட்டு வருகிறவரிடம் "நீங்கதான் தினமும் எக்சர்சைஸ் செய்யறீங்களே" என்று சொன்னால் கோபம் வராதா?

ஆஸ்பத்திரி ஊழியர் என்று எல்லோரையும் ஒரே கூடையில் போடவும் முடியாது. என் கண்ணுக்கு உண்மையிலேயே அதிகம் அசைகிறவர்கள் ஹவுஸ்கீப்பிங் ஆட்களும் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர்களும்தான்; அவர்களிடம் உடற்பயிற்சி பற்றி யாரும் பேசுவதே இல்லை. லேப், பில்லிங், பார்மசி, மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் எல்லாம் ஐ.டி. கம்பெனி மாதிரி உட்கார்ந்த வேலை. ஆபரேஷன் தியேட்டரில் இருப்பவர்கள் அசையாமல் நிற்கிறார்கள், நரம்பு சுருட்டிக்கொண்டு வருகிறவர்களில் அவர்கள் நிறைய.

சரி, தெரிந்துமா செய்யாமல் இருக்கிறார்கள்? ஆமாம், தெரிந்தும்தான். வாரம் 150 நிமிடம் என்பது அவர்களே நோயாளிக்குச் சொல்கிற டிஸ்சார்ஜ் அறிவுரை. அதனால் விழிப்புணர்வுக் கூட்டம் நடத்துவதில் எனக்குத் துளியும் நம்பிக்கை இல்லை. ரோஸ்டரை, அதாவது யாருக்கு எந்த ஷிப்ட் என்ற பட்டியலை, காட்டுங்கள், யார் உடற்பயிற்சி செய்வார்கள் என்று நான் சொல்லிவிடுகிறேன். இந்த வாரம் மார்னிங், அடுத்த வாரம் ஈவினிங், அதற்கடுத்து நைட், நடுவில் யாராவது லீவு போட்டால் டபுள் டியூட்டி என்று போகிறவருக்குத் தினம் காலை ஆறு மணி வாக்கிங் எப்படி சாத்தியம்? நமக்குப் பழக்கம் என்பது ஒரே நேரத்தில் ஒரே வேலையைச் செய்து வருவது. ரோஸ்டர் அந்த நேரத்தைத்தான் வாரம் தவறாமல் மாற்றுகிறது. எங்களிடம் தொடர்ந்து பயிற்சி செய்கிறவர்கள் யார் என்று பார்த்தால் டயாலிசிஸ், ஓ.பி. மாதிரி நிலையான பகல் ஷிப்ட் உள்ளவர்கள்தான். அவர்கள் ஒன்றும் மற்றவர்களைவிட மன உறுதி மிக்கவர்கள் இல்லை.

அப்புறம் வீடு. நர்ஸ்களில் பெரும்பாலானவர்கள் பெண்கள். இந்தியப் பெரியவர்களில் பாதிப் பேருக்கு, 2022 கணக்குப்படி 49.4 சதவீதத்தினருக்கு, உடல் உழைப்பு போதவில்லை என்று 2024-இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த ஆய்வு சொன்னது. ஆண்களில் 42, பெண்களில் 57 சதவீதம். தமிழ்நாட்டையும் சேர்த்து நடத்திய பழைய ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வில் பொழுதுபோக்காக ஏதாவது உடற்பயிற்சியோ விளையாட்டோ செய்தவர்கள் பத்து சதவீதம்கூட இல்லை. இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்து பஸ் பிடித்துப் போகிற அம்மாவுக்கு நாலு மணிக்குப் பிள்ளைகள் வந்துவிடுவார்கள், பிறகு டிபன், சமையல், பாத்திரம். அவர் வாக்கிங் போனால் அந்த அரை மணி நேரத்துக்கு அடுப்படியில் யார் நிற்பது என்ற கேள்விக்கு எந்த ஆய்வாளரிடமும் பதில் கிடையாது, கணவரிடம் வேண்டுமானால் இருக்கலாம்.

ஹாஸ்டலில் இருக்கிற சின்னப் பெண்களுக்கு வேறு மாதிரிப் பிரச்சினை. படிப்பு முடித்து வெளியூரிலிருந்து வந்து தனியார் ஆஸ்பத்திரி ஹாஸ்டலில் தங்கியிருப்பவர்கள், கையில் நேரம் உண்டு, சமைக்க வேண்டியதில்லை. ஆனால் இரவு கேட் மூடிவிடுவார்கள், வெளியே போக வார்டனிடம் கையெழுத்து. நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் ஹாஸ்டலுக்குப் பின்னால் சும்மா கிடந்த இடத்தில் ஒரு வலை கட்டி விளக்கும் போட்டுக் கொடுத்தார்கள். அவ்வளவுதான் செலவு. ஈவினிங் டியூட்டி முடிந்து ஒன்பது மணிக்குமேல் வந்து ஷட்டில் ஆடிவிட்டுத் தூங்கப் போனார்கள், யாரும் அவர்களுக்கு அறிவுரை சொல்லவில்லை. இன்னொரு பக்கம் நர்ஸ்கள் தினத்தன்று மே 12-இல் ஜூம்பா நடனம் வைத்துப் போட்டோ எடுத்துப் போடுவதையும் பார்த்திருக்கிறேன், அது அன்றைக்கு மட்டும்தான்.

அரசு தரப்பில் 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதையைக் குறித்துத் திட்டம் தொடங்கினார்கள். நல்ல யோசனை, நானும் நடந்திருக்கிறேன். ஆனால் அங்கே விடியற்காலையில் நடக்கிறவர்களில் நைட் டியூட்டி சிஸ்டர் இருக்க மாட்டார், அவர் அந்த நேரத்தில் சுகர் டெஸ்டுக்கு ரத்தம் எடுத்துக்கொண்டிருப்பார்.

இப்போது தொப்பை டாக்டர். பி.ஜி., அதாவது எம்.பி.பி.எஸ்.-க்குப் பிறகான மேற்படிப்பு, படிக்கும் மூன்று வருடத்தில்தான் அது ஆரம்பமாகிறது. தொடர்ந்து 12 மணி நேரத்துக்கு மேல் டியூட்டி போடக் கூடாது, வாரம் 48 மணி நேரம் என்று மேற்படிப்பு டாக்டர்களின் பணிக்கான மத்திய அரசின் ரெசிடென்சி விதிகள் 1992-லிருந்தே சொல்கின்றன. 36 மணி நேரம் நின்ற கதையை எந்த பி.ஜி.யிடமும் கேட்டுப் பாருங்கள். சாப்பாடு நடு இரவில் பரோட்டா. படித்து முடித்ததும் காலையில் ஒரு இடம், மாலையில் சொந்த கிளினிக், பத்து மணிக்கு வீடு. கல்லூரியில் கிரிக்கெட் ஆடியவர்கள் நாற்பது வயதில் என்னிடம் தோளைக் காட்டுகிறார்கள். இதில் நோயாளிக்கும் நஷ்டம் உண்டு: தாமே உடற்பயிற்சி செய்கிற டாக்டர்கள் நோயாளிகளுக்கு அதைப் பற்றி அதிகம் எடுத்துச் சொல்கிறார்கள் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எங்களிடம் சைக்கிள் ஓட்டுகிற டாக்டர் ஒருவர், முட்டி வலிக்குமா, எங்கே நடப்பீர்கள், நாய்த் தொல்லை உண்டா என்றெல்லாம் கேட்பார். மற்றவர்கள் "வாக்கிங் போங்கம்மா" என்று சொல்லிக்கொண்டே அடுத்த சீட்டை எடுத்துவிடுவார்கள்.

நீங்களோ உங்கள் வீட்டில் யாராவதோ இந்த வேலையில் இருந்தால், நான் எங்கள் ஆட்களுக்குச் சொல்வதையே சொல்கிறேன். நடையைக் கூட்டுவதைவிட முதலில் தசையைப் பலப்படுத்துங்கள். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவது, சுவரைப் பிடித்துக் குதிகாலை உயர்த்தி இறக்குவது, மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்குவது, இந்த மூன்றையும் பத்துப் பத்தாக இரண்டு சுற்று, வாரம் இரண்டு மூன்று நாள். கால் மணி நேரம் போதும். வேக நடைக்கு முழு அரை மணி நேரம் கிடைக்கவில்லை என்று விட்டுவிட வேண்டாம். குறைந்தது பத்து நிமிடம் தொடர்ந்து செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையை 2020 பரிந்துரையில் எடுத்துவிட்டார்கள், பஸ் ஸ்டாப்பிலிருந்து வீடு வரை மூச்சு வாங்க நடந்தாலும் சேரும். நைட் டியூட்டி முடிந்த காலையில் ஒன்றும் செய்யாதீர்கள், போய்த் தூங்குங்கள். எழுந்த பிறகு, சாயங்காலம் டியூட்டிக்குக் கிளம்புமுன் செய்யுங்கள். டியூட்டி ஷூவைக் கடையில் சாயங்காலம் போய் வாங்குங்கள், அப்போதுதான் கால் வீங்கியிருக்கும், சரியான அளவு தெரியும்.