எழுதப் பழகுவோம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் அப்பாயியின் (அப்பாவின் அம்மா) அண்ணன் குடும்பம், தோட்டத் தமிழர்களை இலங்கைக்கும் இந்தியாவுக்கும் பிரித்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குப் போய்விட்டது. அப்பாயி இங்கேயே இருந்துவிட்டார். அதைக் கதையாக எழுதினேன். எங்கள் ஆட்களை நாடற்றவர்களாக்கிய 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தில் தொடங்கி முதல் மூன்று பக்கமும் விவரம்தான். வாசித்த சிநேகிதி, "கட்டுரை மாதிரி இருக்கு" என்கிறாள். விவரம் சொல்லாவிட்டால் வாசிக்கிறவர்களுக்கு எப்படி விளங்கும்?
– வாசகி, தலவாக்கலை

பதில்: தங்கச்சி, அந்த மூன்று பக்கத்தைக் கிழித்துவிடாதீர்கள். கதையிலிருந்து எடுத்துத் தனிக் கொப்பியில் வையுங்கள். 1964 ஒக்டோபரில் கையெழுத்தான ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மிச்சம் 150,000 பேரை 1974 இல் இரண்டு நாடுகளும் பாதி பாதியாகப் பங்கு போட்டன. எழுதுகிறவருக்கு இதெல்லாம் பிசகில்லாமல் தெரிந்திருக்கத்தான் வேண்டும்.

ஆனால், அப்பாயியின் லயத்துக் காம்பராவில் (தோட்டத்து வரிசை வீட்டு அறையில்) அன்றைக்கு இந்தக் கணக்கையா பேசியிருப்பார்கள்? "அண்ணனுக்கு பாஸ்போட்டு வந்திருச்சாம்" என்று யாரோ இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) வந்து சொல்லியிருப்பார்கள். அங்கே தொடங்குங்கள். விவரம் தேவைப்படும் இடத்தில் தானாக வந்து சேரும்.

அப்பாயிக்கு அப்போது என்ன வயது என்று கேட்டீர்களா? கதை அதில்தான் தங்கியிருக்கிறது. எங்கள் லயத்திலிருந்து ஒரு குடும்பம் புறப்பட்ட வாரம், வளர்த்த கோழிகளை எல்லாம் விற்றார்கள். ஒரு சேவல் மட்டும் பிடிபடாமல் தேயிலைக்குள் ஓடிவிட்டது. லயத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் கானுக்குக் கான் (வாய்க்காலுக்கு வாய்க்கால்) தாவி அதை விரட்டினோம். எனக்கு அந்த வாரம் முழுக்கச் சேவல்தான். போகிற குடும்பம் திரும்பி வராது என்பது மண்டையில் ஏறவே இல்லை. சிறுபிள்ளையின் கண்ணால் எழுதினால் இப்படித்தான் இருக்கும்.

அப்பாயி அப்போது கைப்பிள்ளைக்காரி என்றால் கதையே வேறு. தாயும் தகப்பனும் அண்ணனோடு போகிறார்கள். ஹட்டனில் கோச்சி (ரயில்) ஏறி, தலைமன்னாரில் கப்பல் பிடித்து, இராமேஸ்வரத்தில் இறங்கப் போகிறவர்கள். வழியனுப்ப ஸ்டேசனுக்குப் போனால் அன்றைய பேர் (நாள் சம்பளம்) போய்விடும். பெரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு) போனால் பெற்றவர்கள் முகத்தைப் பார்க்க முடியாது. விடியக்காலையில் அவள் கூடையை எடுக்கிறாளா, பிள்ளையைத் தூக்குகிறாளா? எனக்கு அதைத்தான் வாசிக்க வேண்டும். சட்டம் என்ன செய்தது என்று நீங்கள் தனியாக விளக்கவே வேண்டியிருக்காது.

இன்னொன்று. அப்பாயி இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். "அப்ப உங்களுக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால், "என்னத்தச் சொல்ல" என்று எழும்பிப் போய்விடுவார்கள். அன்றைக்கு என்ன சமைத்தீர்கள், ஆட்டை யாரிடம் விட்டார்கள், பெட்டியில் என்ன வைத்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு நிற்காது.

கேள்வி: தோட்டத்துக் கதை என்றால் கடைசியில் யாராவது சாகத்தான் வேண்டுமா?
– வாசகர், பதுளை

பதில்: வேண்டாம். சாவும் பட்டினியும் நம் வாழ்க்கையில் இருந்தவை, எழுதத்தான் வேண்டும். ஆனால், முடிவு தெரியாமல் திணறுகிற இடத்தில் ஒருவரைச் சாகடிப்பது அந்த ஆளுக்குச் செய்கிற அநியாயம். மாசியில் மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்துக்கு ரதி வேசம் கட்டும் இளந்தாரியைப் பாருங்கள். இரவில் சேலை கட்டி ஆடிவிட்டு, காலையில் மண்வெட்டியோடு மலைக்குப் போகிறான். மலையில் அவனை என்ன சொல்லிக் கேலி செய்வார்கள், அவன் என்ன திருப்பிச் சொல்வான்? எழுதி அனுப்புங்கள், வாசிக்கிறேன்.