கட்டிலுக்கு அடியில் குடியேறிய குட்டி

செல்லப் பிராணி கேள்வி பதில்
பதில் அளிப்பவர்: ஓய்வுபெற்ற அரசுக் கால்நடை மருத்துவர்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பலவும் புதிதாகத் தத்தெடுத்த இளம் நாய்களைப் பற்றியவை. அதனால் மாட்டுக் காம்பு நோய் பற்றிக் கேட்டிருக்கும் விவசாய நண்பர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: பத்து நாட்களுக்கு முன் காப்பகத்தில் இருந்து ஐந்து மாத நாட்டு நாய்க்குட்டி ஒன்றைத் தத்தெடுத்தோம். பெண் குட்டி. வந்த அன்று கட்டிலுக்கு அடியில் நுழைந்ததுதான், இன்னும் அங்கேதான் இருக்கிறது. எல்லோரும் தூங்கிய பிறகு வந்து சாப்பிடுகிறது. குக்கர் விசில் அடித்தால் நடுங்குகிறது. என் கணவர் கிட்டே போனாலே அங்கேயே சிறுநீர் விட்டுவிடுகிறது. 'வெளியே இழுத்துப் போட்டு நாலு தட்டு தட்டினால் பயம் தெளியும்' என்கிறார் மாமியார். என்ன செய்வது?
வாசகி, சரவணம்பட்டி, கோவை

பதில்: முதலில் மாமியாருக்கு என் வணக்கம். அவர் சொல்லும் இந்த வைத்தியத்தை நான் பணியில் இருந்த ஊர்களில் எல்லாம் கேட்டிருக்கிறேன். அடித்தால் குக்கர் மீதுள்ள பயம் போகாது. கூடவே உங்கள் கையைக் கண்டும் ஒரு பயம் சேரும். குட்டி அடங்கிக் கிடப்பதைப் பார்த்து 'பார், தெளிந்துவிட்டது' என்பார்கள். பயத்தில் உறைந்து கிடப்பதும் பார்ப்பதற்கு அப்படித்தான் இருக்கும்.

கட்டிலடியை அதன் பேருக்கே எழுதிக் கொடுத்துவிடுங்கள். பழைய பருத்திப் புடவை ஒன்றை மடித்து உள்ளே போடுங்கள். தண்ணீர்க் கிண்ணம் எட்டும் தூரத்தில் இருக்கட்டும். யாரும் குனிந்து எட்டிப் பார்க்க வேண்டாம், கையை நீட்ட வேண்டாம், துடைப்பத்தால் தள்ளவே வேண்டாம். ஒளிந்துகொள்ள ஓர் இடம் இருக்கிறது, அங்கே யாரும் வரமாட்டார்கள் என்று நம்பும் நாய்தான் அதைவிட்டு வெளியே வரத் துணியும்.

நாய்க்குட்டிக்கு 3 வாரத்தில் இருந்து ஏறத்தாழ 14 வாரம் வரை ஒரு பருவம் உண்டு. அந்த வாரங்களில் பார்த்த மனிதர்கள், கேட்ட சத்தங்கள், மிதித்த தரை எல்லாம் சாதாரணம் என்று அதன் மனதில் பதிந்துவிடும். உங்கள் குட்டி அந்தக் காலத்தைத் தெருவோரத்திலோ காப்பகக் கூண்டிலோ கழித்திருக்கும். மிக்ஸி, குக்கர், வழுக்கும் டைல்ஸ், லிஃப்ட் எதையும் அது கண்டிருக்க வாய்ப்பில்லை. பருவம் கடந்துவிட்டதால் எல்லாம் முடிந்துபோனது என்று நினைக்க வேண்டாம். அப்போது தானாகப் பழகியிருக்க வேண்டியதை இப்போது நாம் பொறுமையாகப் பழக்க வேண்டும், அவ்வளவுதான்.

இனி உங்கள் கணவர் விஷயம். உப்பும் மசாலாவும் போடாமல் வேகவைத்த கோழிக்கறியைச் சுண்டல் அளவுக்குப் பிய்த்து ஒரு கிண்ணத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கட்டிலில் இருந்து ஐந்தாறு அடி தள்ளி, பக்கவாட்டில் திரும்பி, தரையில் உட்காரட்டும். பேப்பர் படிக்கட்டும். குட்டியின் கண்ணைப் பார்க்க வேண்டாம். அவ்வப்போது ஒரு துண்டை எறிய வேண்டும். எறிவது குட்டிக்கு முன்னால் அல்ல, அதைத் தாண்டி, கட்டிலின் அந்தக் கோடிக்கு.

பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறார்கள். கறியைக் கையில் வைத்துக்கொண்டு 'வா, வா' என்கிறார்கள். பசி முன்னால் இழுக்கும், பயம் பின்னால் இழுக்கும். பின்னங்கால் இரண்டும் ஓடத் தயாராக இருக்க, கழுத்தை மட்டும் நீட்டிப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிடும். தாண்டி எறிந்தால் குட்டி உங்கள் கணவரைவிட்டு விலகிப் போய், நிம்மதியாகத் தின்னும். தின்று முடித்ததும் அடுத்த துண்டு எங்கே என்று தானாகத் திரும்பிப் பார்க்கும், இரண்டடி முன்னே வரும். இந்த இரண்டடியை யாரும் கேட்டு வாங்கவில்லை, அதுவாகக் கொடுத்தது. அதற்குத்தான் மதிப்பு. முகர்ந்து பார்க்க வந்தால் கணவர் அசையாமல் இருக்கட்டும். தடவிக் கொடுக்கும் ஆசையை இன்னும் சில நாள் அடக்கிக்கொள்ளட்டும். பிறகும் தலைக்கு மேலே கையைக் கொண்டுபோகாமல் நெஞ்சுப் பக்கம் தடவட்டும்.

தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி விடுவது, உணவு இல்லாதபோது உதட்டை நக்குவது, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓரக்கண்ணில் வெள்ளை விழி தெரியப் பார்ப்பது இவையெல்லாம் 'போதும், கொஞ்சம் தள்ளிப் போ' என்பதன் அடையாளங்கள். பார்த்தவுடன் எழுந்து போய்விடுங்கள்.

சிறுநீர் விடுவது அசிங்கம் செய்வதும் அல்ல, பழிவாங்குவதும் அல்ல. பணிந்துபோகிற குட்டி தன்னை அறியாமல் செய்வது. திட்டினால் அதிகமாகும். மேலே குனியாமல், பக்கவாட்டில் நின்றால் குறையும். பேசாமல் துடைத்துவிடுங்கள். ஃபினாயிலின் நெடி நமக்குச் சுத்தம், நாய் மூக்குக்கு அது தொல்லை. செல்லப் பிராணிக் கடைகளில் கிடைக்கும் என்சைம் திரவம் வாடையையே சிதைத்துவிடும்.

குக்கருக்கு வருவோம். விசில் சத்தத்தை மொபைலில் பதிவு செய்து, காதில் விழுந்தும் விழாததுமாக மெதுவாக ஒலிக்கவிடுங்கள். சத்தம் வந்த பிறகு கறித் துண்டு. இந்த வரிசை மாறக் கூடாது. கறியைக் காட்டிவிட்டு விசிலைப் போட்டால், கறியைக் கண்டாலே ஏதோ வரப்போகிறது என்று ஓடும். குட்டி துண்டை வாங்கித் தின்னாவிட்டால் சத்தம் அதிகம் என்று புரிந்துகொண்டு குறையுங்கள். நிஜக் குக்கர் வைக்கும்போது கொஞ்ச நாளைக்குச் சமையலறைக் கதவைச் சாத்தி வையுங்கள்.

வெளியே கூட்டிப் போகும்போதுதான் எனக்குக் கவலை. புதிதாக வந்த நாய் பட்டாசுக்கோ லாரி ஹாரனுக்கோ மிரண்டால், கழுத்துப் பட்டையில் இருந்து தலையை உருவிக்கொண்டு ஓடிவிடும். நெஞ்சோடு சேர்த்துக் கட்டும் ஹார்னஸ் ஒன்று, கழுத்துப் பட்டை ஒன்று, இரண்டுக்கும் கயிறு. பட்டையில் உங்கள் தொலைபேசி எண் கட்டாயம் இருக்க வேண்டும். அடுக்குமாடியில் ஆள் நடமாட்டம் இல்லாத அதிகாலையில் ஆரம்பியுங்கள். முகர்ந்துகொண்டே நிற்கிறதா? நிற்கட்டும். அதற்கு நடைப்பயிற்சியே அதுதான்.

இதற்கெல்லாம் முன்னால் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். காது சீழ், குடல் புழு, உண்ணிக் காய்ச்சல் இருந்தால் எந்தப் பழக்கமும் வேலை செய்யாது. சாப்பாட்டை அடியோடு நிறுத்தினாலோ ஈறு வெளுத்திருந்தாலோ மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம்.

தத்தெடுப்பவர்களிடம் மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். மூன்று நாளில் படபடப்பு அடங்கும், மூன்று வாரத்தில் வீட்டு நடைமுறை பிடிபடும், மூன்று மாதத்தில் வீடு தன் வீடாகும். இது அனுபவக் கணக்கு, சட்டம் அல்ல. உங்கள் குட்டிக்கு அதைவிட நாளாகலாம். ராத்திரி எழுந்து வந்து சாப்பிடுகிறதே, நல்ல அறிகுறி.

கேள்வி: எட்டு மாதச் சிப்பிப்பாறைக் கலப்பு நாய் வைத்திருக்கிறேன். தத்தெடுத்து இரண்டு மாதம் ஆகிறது. தனியாக வசிக்கிறேன். இப்போது வாரம் மூன்று நாள் அலுவலகம் போக வேண்டியிருக்கிறது. நான் கிளம்பியதும் ஊளையிடுகிறது, கதவு நிலையைப் பிறாண்டிப் பெயர்த்துவிட்டது. திரும்பி வந்து திட்டினால் தப்புச் செய்த முகத்தோடு மூலையில் பதுங்குகிறது. தெரிந்தே செய்கிறதா?
வாசகர், தாம்பரம்

பதில்: இல்லை. அந்த 'தப்புச் செய்த முகத்தை' அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் சோதித்து 2009இல் வெளியிட்டார். தின்னக் கூடாது என்று சொன்ன பண்டத்தை நாய் தின்றதா இல்லையா என்பதற்கும் அந்த முகத்துக்கும் சம்பந்தம் இல்லை, வளர்ப்பவர் திட்டியதற்குத்தான் சம்பந்தம் என்பது முடிவு. ஒன்றும் செய்யாத நாயும் திட்டு வாங்கினால் அதே முகத்தைக் காட்டியது. உங்கள் நாய்க்குத் தெரிந்தது, நீங்கள் கதவைத் திறந்தால் கோபம் வரும் என்பது மட்டும்தான். போவதும் பயம், வருவதும் பயம் என்றாகிவிட்டது.

ஒரு பழைய மொபைலை அலமாரியில் சாய்த்து வைத்து, நீங்கள் போன பின் நடப்பதைப் பதிவு செய்யுங்கள். கிளம்பிய அரை மணிக்குள்ளேயே மூச்சிரைப்பு, எச்சில் வடிதல், கதவுப் பக்கமே பிறாண்டல் என்றால் அது பிரிவுப் பதற்றம். ஒரு மணி நேரம் தூங்கிவிட்டு எழுந்து சோம்பல் முறித்துச் செருப்பைக் கடித்தால் அது வெறும் சலிப்பு. முயல் வேட்டைக்கென்றே வளர்த்த இனம் சிப்பிப்பாறை, காலையில் வேலி போட்ட இடத்தில் நன்றாக ஓடவிட்டால் சலிப்பு பாதி தீரும்.

கதவு நிலையைப் பெயர்த்ததை வைத்துப் பார்த்தால் உங்களுடையது பதற்றமாகத்தான் தெரிகிறது. நாய் நீங்கள் போவதை மட்டும் பார்ப்பதில்லை. சாவிக் கொத்தின் சத்தம், ஷூ, பை, அடையாள அட்டை என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பதற்றம் ஏறிக்கொண்டே போகும். அதனால் லீவு நாளில் சாவியை எடுங்கள், சோபாவில் உட்காருங்கள். ஷூ மாட்டுங்கள், காபி போடுங்கள். சாவிக்கு அர்த்தம் இல்லாமல் போகட்டும். அப்புறம் கதவுக்கு வெளியே சில விநாடி நின்று, நாய் பதறும் முன்பே உள்ளே வந்துவிடுங்கள். கொண்டாட்டம் வேண்டாம், சும்மா வாருங்கள். விநாடிகளை நிமிடங்களாக்குங்கள். பதறினால் பழைய அளவுக்கு இறங்குங்கள்.

இந்தப் பயிற்சி நடக்கும் வாரங்களில் அதை முழு நாளும் தனியே விட்டால் சேர்த்ததெல்லாம் கரைந்துவிடும். அந்த மூன்று நாளைக்கு யாராவது கூட இருக்க ஏற்பாடு செய்யுங்கள். ஓய்வுபெற்ற பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரின் உதவி எந்த மருந்தைவிடவும் பெரிது. கூண்டில் பூட்டிவிட்டுப் போகாதீர்கள். பதற்றத்தில் கம்பியைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொண்ட நாய்களுக்கு வைத்தியம் பார்த்திருக்கிறேன். துணைக்கு இன்னொரு நாய் வாங்கும் யோசனையும் வேண்டாம். அது தேடுவது உங்களை, இன்னொரு நாயை அல்ல.

வாரக்கணக்கில் முயன்றும் குறையாவிட்டால் ஃபுளூஆக்ஸெடின் போன்ற மாத்திரைகள் உண்டு. கால்நடை மருத்துவர் எடை பார்த்து எழுதித் தர வேண்டும். பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும், பயிற்சியும் கூடவே நடக்க வேண்டும். வீட்டில் யாருக்கோ எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரையை உடைத்துப் போடும் வேலை மட்டும் கூடாது.

கேள்வி: காப்பகத்தில் எடுத்த ஏழு மாத நாய், சாப்பிடும்போது என் ஆறு வயது மகன் கிட்டே போனால் உறுமுகிறது. உறுமினால் மூக்கில் தட்டச் சொல்கிறார்கள்.
வாசகி, விருதுநகர்

பதில்: தட்டாதீர்கள். உறுமல் ஒரு நல்ல காரியம். கடிக்கும் முன் எச்சரிக்கிறது. தட்டித் தட்டி உறுமலை நிறுத்திவிட்டால் அடுத்த முறை எச்சரிக்காமல் கடிக்கும்.

இன்று முதல் நாய்க்குத் தனி அறையில், கதவு சாத்திச் சாப்பாடு. மகன் அந்தப் பக்கமே போகக் கூடாது, அவனைப் பயிற்சியில் சேர்க்கவும் கூடாது. பெரியவர்கள் மட்டும், நாய் சாப்பிடும்போது தூரத்தில் நடந்து போகிற போக்கில் ஒரு துண்டு அவித்த முட்டையை வீசிவிட்டுப் போகலாம். மனிதர் வந்தால் பறிபோகும் என்று நினைத்திருந்த நாய், மனிதர் வந்தால் கூடுதலாகக் கிடைக்கும் என்று நினைக்கத் தொடங்கும். தூரத்தை மெல்லக் குறைக்கலாம். கிண்ணத்தில் கையைவிட்டு 'பழக்குவது' வீண் வம்பு.

ஒருவேளை பல் பட்டுவிட்டால், அது கீறலாக இருந்தாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். உடனே மருத்துவமனை. நாய்க்கு ஊசி போட்டிருக்கிறோமே என்று வீட்டிலேயே முடிவெடுக்க வேண்டாம்.

கேள்வி: தீபாவளிக்கு எங்கள் பத்து மாத நாய்க்கு மயக்க மருந்து கொடுக்கலாமா?
வாசகர், சிவகாசி

பதில்: உங்கள் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது, மன்னிக்கவும். உடம்பை மட்டும் அசையவிடாமல் செய்யும் மருந்து வேண்டாம். நாய் படுத்திருக்கும், சத்தம் கேட்கும், பயமும் அப்படியே இருக்கும். பயத்தையே குறைக்கும் மருந்துகள் தனியாக உண்டு. தீபாவளிக்குச் சில வாரம் முன்பே மருத்துவரைப் பார்த்து, ஒருமுறை கொடுத்துப் பார்த்துவிட வேண்டும். பட்டாசுக்கு அரசு அனுமதிக்கும் நேரம் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8. அதை எத்தனை பேர் மதிக்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். நடையை விடிவதற்கு முன்பும் மாலை ஐந்துக்குள்ளும் முடித்துவிடுங்கள். ஜன்னல் குறைந்த அறை, ஃபேன், டிவி சத்தம். மடியில் வந்து ஒட்டிக்கொண்டால் அணைத்துக்கொள்ளுங்கள். 'தாங்கினால் பயம் கூடும்' என்பது வெறும் பேச்சு.

கேள்வி: ராஜபாளையம் குட்டி, மூன்றரை மாதம், பால் வெள்ளை. கூப்பிட்டால் திரும்புவதே இல்லை. தூங்கும்போது தொட்டால் வெடுக்கென்று கடிக்க வருகிறது. முரட்டுக் குட்டியாகிவிட்டதோ?
வாசகி, தென்காசி

பதில்: காது கேட்கிறதா என்று முதலில் பாருங்கள். வெள்ளை ராஜபாளையங்களில் பிறவிச் செவிடு அவ்வப்போது காணப்படுவதுதான். குட்டி வேறு எங்கோ பார்க்கும்போது, தரை அதிராமல், காற்று படாமல், பின்னால் தள்ளி நின்று ஒரு தட்டைக் கரண்டியால் தட்டுங்கள். தட்டு அதன் கண்ணில் படக் கூடாது. வேறு வேறு நாளில் செய்து பாருங்கள். காது கூட அசையவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

செவிடு என்று உறுதியானாலும் கவலை வேண்டாம். கை சைகை நாய்களுக்கு எளிதாகப் பிடிபடும். உட்கார ஒரு சைகை, வர ஒரு சைகை, 'நன்று' என்பதற்குக் கட்டைவிரல். வீட்டில் எல்லோரும் ஒரே சைகையைக் காட்ட வேண்டும், ஆளுக்கொன்று கூடாது. சங்கிலி இல்லாமல் தெருவில் விடவே கூடாது, வண்டிச் சத்தம் அதற்குக் கேட்காது. தூங்கும்போது தொட்டு எழுப்பாமல், மூக்கருகே கையை வைத்துக் காத்திருங்கள். உங்கள் வாசனையில் கண்ணைத் திறக்கும். திறந்ததும் ஒரு துண்டு கறி.