ஏழு லாரியையும் கரெண்டுக்கு மாத்தலாமா?

கேள்வி: வணக்கம் சார். எங்ககிட்ட 7 வண்டி இருக்குங்க. நாலு நேஷனல் பர்மிட், நாசிக் வரைக்கும் போவும். மூணு ட்ரெய்லர் சிமெண்ட் ஃபேக்டரிக்கு கிளிங்கர் (அரைச்சா சிமெண்ட் ஆவுற கட்டி) அடிக்குது, நாளைக்கு 160 கிலோமீட்டர் தாண்டாது. டீசல் போட்டே மாளல. மொத்தத்தையும் எலக்ட்ரிக்கா மாத்திடலாம்னு பையன் நிக்கிறான், மாத்தலாமுங்களா?
- சங்ககிரி வாசகர்

பதில்: பையன் சொல்றதுல பாதி சரிதாண்ணே. நாசிக் வண்டி நாலையும் இப்ப தொடாதீங்க. மோன்ட்ரா கம்பெனியோட 55 டன் எலக்ட்ரிக் லாரி ரைனோவ எடுத்துக்கிட்டா 282 யூனிட் கரெண்ட் புடிக்கிற பேட்டரி, கம்பெனி சொல்ற ரேஞ்சே 198 கிலோமீட்டர், நாசிக் போய்ச் சேர வழியில ஆறேழு தடவ சார்ஜ் போடணும், லோடு ஏத்துன பார்ட்டி சும்மா இருப்பாரா?

கிளிங்கர் வண்டி வேற கதை. மேல உள்ள கணக்குப்படி கிலோமீட்டருக்கு சுமார் 1.4 யூனிட், யூனிட் 10 ரூபான்னு வச்சாலும் 14 ரூபா. டீசல்ல ரெண்டரை, மூணு மைலேஜ் கெடச்சா 31ல இருந்து 37 ரூபா ஆவுது. ஒரு வண்டிக்கு நாளைக்கு 2,700 ரூபாவாவது மிஞ்சும். ஆனா வண்டி விலை டீசல் வண்டிய விட ரெண்டு மடங்குக்கு மேல, அந்த மிச்சம் ட்யூவ தாங்குதான்னு பாத்துக்கங்க.

மத்திய அரசோட பிஎம் இ-டிரைவ் திட்டத்துல வண்டிக்கு அதிகபட்சம் 9.6 லட்சம் மானியம் உண்டு, ஆனா பழைய டீசல் லாரிய உடைச்ச சர்டிபிகேட் காட்டணும், இத ஷோரூம்ல கடைசியாத்தான் சொல்லுவாங்க. அந்தத் திட்டப்படி பேட்டரிக்கு வாரண்டி 5 வருசம் இல்ல 5 லட்சம் கிலோமீட்டர், எது முந்துதோ அது. உங்க ஓட்டத்துக்கு வருசம்தான் முந்தும், அதனால லோன 7 வருசத்துக்கு இழுக்காதீங்க.

அப்புறம் ஃபேக்டரி கேட்டுல க்யூவுல நிக்கும்போது சார்ஜ் போட்டுக்கலாம்னு நெனைக்காதீங்க, க்யூ நகர்ந்துட்டே இருக்கும். உங்க யார்டுலயே ராத்திரி போடணும். மூணு பேட்டரியும் 8 மணி நேரத்துல முழுசா ஏறணும்னா 100 கிலோவாட்டுக்கு மேல லோடு வேணும், வண்டி புக் பண்றதுக்கு முன்னாடி ஈபி ஆபீஸ் போய் லைன் தருவாங்களா, ட்ரான்ஸ்ஃபார்மர் போடணுமான்னு கேட்டுட்டு வாங்க.

முதல்ல ஒண்ணே ஒண்ணு எடுங்க. டெமோ வண்டிய காலியா ஓட்டாதீங்க, ஃபுல் லோடோட ஓட்டுங்க, அதுவும் உங்க டிரைவரே ஓட்டட்டும். டீசல்ல பழகுன கால் ஒரு வாரம் பிரேக்க மிதிச்சுக்கிட்டேதான் இருக்கும், ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடுத்தாலே வண்டி பிடிச்சு பேட்டரிக்கு கொஞ்சம் திரும்ப ஏறுங்கிறது பழகுனப்புறம்தான் உங்க ரூட்டுக்கு நெசமான ரேஞ்சு என்னன்னு தெரியும்.