தாய்லாந்தில் பில்லோடு வாங்கிய கஞ்சா எண்ணெயைத் திருச்சிக்குக் கொண்டுவரலாமா?

கேள்வி: எனக்கு வயது 63. மூட்டுவலியால் இரவில் தூக்கம் இல்லை. அலுவலக வேலையாகப் பாங்காக் செல்லும் என் மகன், அங்கே கடைகளில் வெளிப்படையாக விற்கும் கஞ்சா எண்ணெயையும் அது கலந்த மிட்டாயையும் எனக்காக வாங்கி வருவதாகச் சொல்கிறான். சிங்கப்பூரில் விமானம் மாறித் திருச்சிக்கு வருகிறான். "அங்கே சட்டப்படி விற்பதுதானே, பில் இருந்தால் போதும்" என்கிறார் டிக்கெட் போட்டுக்கொடுத்த ஏஜெண்ட். வாங்கி வரலாமா? (ஒரு வாசகி, புதுக்கோட்டை)

பதில்: வேண்டாம் அம்மா. சிறிய புட்டியாக இருந்தாலும் வேண்டாம்.

ஒரு நாட்டின் அனுமதி அந்த நாட்டின் எல்லையோடு முடிந்துவிடுகிறது. கனடா 2018 அக்டோபரில் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கியது. அங்கே ஒருவர் பொது இடத்தில் 30 கிராம் வரை வைத்திருக்கலாம், ஆனால் அதில் ஒரு கிராமை எல்லை தாண்டிக் கொண்டுசென்றாலும் குற்றம். ஜெர்மனியும் 2024 ஏப்ரல் முதல் 25 கிராம் வரை அனுமதிக்கிறது. பலரும் உதாரணம் காட்டும் நெதர்லாந்தில் கஞ்சா இன்றுவரை சட்டபூர்வமானதே அல்ல. காப்பிக் கடைகளில் சிறு அளவில் விற்பதற்கு வழக்குப் போடுவதில்லை, அவ்வளவுதான்.

உங்கள் ஏஜெண்ட் தாய்லாந்தைப் பற்றிச் சொல்வதும் பழைய செய்தி. 2022 ஜூனில் அந்த நாடு கஞ்சாச் செடியைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கியது உண்மை. அப்போதும்கூட, டி.எச்.சி. என்னும் போதைக் கூறு 0.2 விழுக்காட்டைத் தாண்டிய சாறும் எண்ணெயும் அந்தப் பட்டியலிலேயே இருந்தன. 2025 ஜூனில் கஞ்சாப் பூவுக்கும் மருத்துவரின் சீட்டு கட்டாயமாயிற்று.

அடுத்தது சிங்கப்பூர். விமானம் மாறுவதற்காகக் காத்திருக்கும் நேரத்திலும் உங்கள் மகனும் அவர் பெட்டியும் சிங்கப்பூர்ச் சட்டத்துக்கு உட்பட்டவர்கள். அங்கே 500 கிராமுக்கு மேல் கஞ்சா கடத்தினால் மரண தண்டனை. 2023 ஏப்ரலில், ஒரு கிலோவைச் சற்றே தாண்டிய கஞ்சாவைக் கடத்த உடந்தையாக இருந்ததாகத் தீர்ப்பளிக்கப்பட்ட ஒரு தமிழர் தூக்கிலிடப்பட்டார். உங்கள் மகனிடம் இருக்கப்போவது அந்த அளவு அல்ல. ஆனால் வைத்திருப்பதற்கே அங்கே பத்தாண்டு வரை சிறை உண்டு.

இவற்றைக் கடந்து திருச்சியில் இறங்கினால் நமது 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் காத்திருக்கிறது. வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதை அதன் 23ஆம் பிரிவு தனிக் குற்றமாகவே வைத்திருக்கிறது. ஒரு கிலோ வரையிலான கஞ்சாவைச் சட்டம் "சிறிய அளவு" என்று குறிப்பிடுவதைக் கேட்டுவிட்டு, அதுவரை அனுமதி உண்டு என்று நம்பி வருபவர்களை என் அலுவலகத்தில் தொடர்ந்து பார்க்கிறேன். அது தண்டனையின் அளவுகோல். அந்த அளவுக்கும் ஓராண்டு வரை சிறை உண்டு. அதற்கு மேல் 20 கிலோவுக்குள் என்றால் பத்தாண்டு வரையும், அதையும் தாண்டினால் பத்து முதல் இருபது ஆண்டு வரையும் சிறைத் தண்டனை. எண்ணெயின் நிலை இன்னும் மோசம். சட்டம் ஹஷீஷ் எண்ணெயை, அதாவது செறிவான கஞ்சா எண்ணெயை, சரஸ் என்னும் கஞ்சாப் பிசின் வகையில் சேர்த்திருப்பதால், அதற்குச் சிறிய அளவு என்பது 100 கிராம் மட்டுமே. மிட்டாயில் போதைக் கூறு எவ்வளவு என்று தனியே பிரித்துப் பார்க்கும் வழியையும் 2020இல் உச்ச நீதிமன்றம் அடைத்துவிட்டது. கலந்திருக்கும் சர்க்கரையும் சேர்த்தே எடை.

"காசியில் பாங்கு கடையிலேயே விற்கிறார்களே" என்று உங்கள் மகன் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானது. மத்தியச் சட்டத்தின் விளக்கத்தில் கஞ்சா என்பது பூவும் காயும் விடும் நுனிப்பகுதி. நுனி சேராத வெறும் இலையும் விதையும் அதில் அடங்கா. அந்த இலையை அரைத்துச் செய்வதுதான் பாங்கு. அதனால்தான் உத்தரப் பிரதேச அரசு அதற்கு உரிமம் கொடுக்க முடிகிறது. ஆனால் இலை தனியாக இருக்கும்வரைதான் இந்த விலக்கு. நுனியோடு சேர்ந்துவிட்டால் இலையும் கஞ்சாவின் எடையிலேயே ஏறும். இலையை என்ன செய்வது என்பதும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும் என்பதால், காசியில் செல்லுபடியாகும் உரிமம் தமிழ்நாட்டில் செல்லாது. பாங்காக் கடைகளில் விற்பதோ பெரும்பாலும் பூ, இல்லையெனில் சாறு. ஆகவே இந்த விலக்கு உங்கள் மகனுக்கு எந்த வகையிலும் உதவாது.

உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை தருவது அந்த ஏஜெண்ட்தான். பாங்காக்கிலிருந்து வருவோரிடம் உயர்ரகக் கஞ்சா பிடிபட்ட செய்தி அண்மைக் காலமாகச் சென்னை, திருச்சி விமான நிலையங்களிலிருந்து அடிக்கடி வருகிறது. பிடிபடுபவர்களில் பலர் குருவிகள், அதாவது கூலிக்கு அடுத்தவர் சரக்கைச் சுமந்து வருபவர்கள். இலவச டிக்கெட், இரண்டு நாள் ஓட்டல், கைச்செலவுக்குக் கொஞ்சம் பணம், திரும்பும்போது "சாக்லேட் பாக்கெட்" என்று ஒரு பொட்டலம் என்பதே பேரம். உங்கள் மகன் தன் காசில் போகிறார் என்றாலும், அங்கே யாராவது "ஊருக்கு ஒரு பார்சல்" என்று நீட்டினால் வாங்கவே கூடாது. பொருள் கையில் இருந்தால், தெரிந்தே வைத்திருந்ததாகச் சட்டம் ஊகித்துக்கொள்ளும். தெரியாது என்பதை ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியவர் குற்றம் சாட்டப்பட்டவரே. மற்ற வழக்குகளில் இந்தச் சுமை அரசுத் தரப்பின் தோளில் இருக்கும்; இங்கே தலைகீழ். கைதான பிறகு, "எடையைக் குறைத்து எழுதச் சொல்கிறேன்" என்று நீதிமன்ற வாசலில் பணம் கேட்கும் இன்னொரு கூட்டம் வரும். அவர்களிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

இந்த நடைமுறையைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பொறுமை போகிறது. டிக்கெட் வாங்கிக் கொடுத்தவன் வெளியே இருக்க, இருபத்திரண்டு வயதுப் பையன் ஆண்டுக்கணக்கில் விசாரணைக்காகக் காத்திருக்கிறான். பாங்காக் விமானத்துக்கு வரிசை நிற்கும் இடத்தில், இந்தச் சட்டத்தைத் தமிழில் கொட்டை எழுத்தில் எழுதி வைக்க எவ்வளவு செலவாகிவிடும்?

உங்கள் வலிக்கு வழி உள்ளூரிலேயே உண்டு. ஆயுஷ் உரிமம் பெற்று, கஞ்சா இலையிலிருந்து "விஜயா" என்ற பெயரில் தயாரிக்கும் மருந்துகள் இந்தியாவிலேயே கிடைக்கின்றன. அவை உங்களுக்குப் பொருந்துமா என்பதைப் பதிவு பெற்ற மருத்துவரே சொல்ல வேண்டும். சீட்டையும் பில்லையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். மகன் ஏற்கெனவே எதையாவது வாங்கியிருந்தால், பாங்காக் விமான நிலையத்துக்குப் புறப்படும் முன்பே அதை விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். தபாலிலோ கூரியரிலோ அனுப்பச் சொல்லாதீர்கள். அதுவும் இறக்குமதிதான், பார்சலில் பெறுநராக இருக்கப்போவது உங்கள் பெயர்.