லேபிள் ஒட்டுவது சின்ன வேலையா?

கேள்வி: அக்கா, நான் கும்பகோணத்தில் ஓவியக் கல்லூரியில் விஷுவல் கம்யூனிகேஷன் மூன்றாம் வருடம் படிக்கிறேன். மே, ஜூன் இரண்டு மாதமும் சென்னையில் ஒரு சின்னக் கலை அருங்காட்சியகத்தில் கிராஃபிக் டிசைன் இன்டர்ன்ஷிப் கிடைத்திருக்கிறது. மாதம் 6,000 ரூபாய் தருவார்களாம். திருச்சியில் மாமாவுக்குத் தெரிந்த விளம்பர ஏஜென்ஸியில் 12,000 தருகிறார்கள், அங்கேயே போ என்கிறார் அப்பா. "மியூசியத்தில் லேபிள் அடித்து ஒட்டச் சொல்வார்கள், போர்ட்ஃபோலியோவில் வைக்க ஒன்றும் தேறாது" என்கிறார் சீனியர் அண்ணன். போகட்டுமா, வேண்டாமா?
(பெயர் வேண்டாம், கும்பகோணம்)

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் காசைப் பேசிவிடுவோம். சென்னையில் ஹாஸ்டல் வாடகை, சாப்பாடு, பஸ் எல்லாம் சேர்த்தால் 6,000 போதாது. தங்குவதற்குச் சித்தி வீடோ பெரியம்மா வீடோ இருந்தால் சமாளித்துவிடலாம். அப்படி யாரும் இல்லாமல், அப்பா வட்டிக்கு வாங்கித்தான் அனுப்ப வேண்டும் என்றால் திருச்சிக்கே போங்கள். மனசில் எந்தக் குறையும் வைத்துக்கொள்ள வேண்டாம். பணம் எப்படியாவது சமாளிக்கக்கூடியதுதான் என்றால், நான் சொல்வது ஒன்றுதான்: சென்னைக்குப் போங்கள்.

உங்கள் சீனியர் சொன்னதில் பாதி உண்மை. லேபிள், அதாவது ஓவியத்தின் பக்கத்தில் ஒட்டும் குறிப்பட்டை, அதை அடிக்கத்தான் சொல்வார்கள். அழைப்பிதழ், போஸ்டர், இன்ஸ்டாகிராம் பதிவு எல்லாம் நடுநடுவே வரும். அதெல்லாம் ஏஜென்ஸியிலும் கற்றுக்கொள்ளலாம். லேபிளை மட்டும் அங்கே கற்றுக்கொள்ள முடியாது.

நான் முதல்முதலில் ஒரு காட்சிக்கூடத்துக்கு லேபிள் செய்தபோது நடந்ததைச் சொல்கிறேன். நீர்வண்ண ஓவியங்கள். கம்ப்யூட்டர் திரையில் 12 பாயிண்டில் பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. பளபளப்பான லேமினேஷன் போட்டு ஒட்டிவிட்டோம். திறப்பு நாளன்று வேட்டி கட்டிய ஒரு பெரியவர் ஓவியத்தின் முன்னால் நெடுநேரம் நின்றார். அப்புறம் லேபிள் பக்கம் குனிந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டார். விளக்கு வெளிச்சம் லேமினேஷனில் பட்டுக் கூசியதால் உள்ளங்கையால் மறைத்துப் பார்த்தார். படிக்க முடியவில்லை. யாரிடமும் ஒன்றும் கேட்காமல் அடுத்த அறைக்குப் போய்விட்டார். வரைந்தவர் யார் என்று தெரிந்துகொள்ளாமலே அவர் போனது இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது.

தாளில் வரைந்த ஓவியமும் துணியும் வெளிச்சத்தில் வெளுத்துப்போகும். அதனால் அந்த அறைகளில் சுமார் 50 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம்தான் வைப்பார்கள். படிக்கும் மேஜை விளக்கோடு ஒப்பிட்டால் அது மங்கல்தான். வெண்கலச் சிலைக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. ஆக, ஒரே எழுத்து ஓர் அறையில் தெளிவாகத் தெரியும், அடுத்த அறையில் கரைந்துபோகும். லேபிளை அச்சுக்கு அனுப்புவதற்கு முன்னால் சாதாரணத் தாளில் ஒரு பிரதி எடுத்து, அந்தந்த அறையின் சுவரிலேயே ஒட்டிப் பாருங்கள். 18 பாயிண்டுக்குக் கீழே இறங்காதீர்கள். லேமினேஷன் போட்டால் பளபளக்காத மேட் போடுங்கள்.

தமிழ் லேபிள் என்றால் வேலை இன்னும் கூடும். ஆங்கிலத்துக்கு வைத்த பெட்டியில் தமிழை அடைக்கச் சொல்வார்கள். அடங்காது. 'அருங்காட்சியகத்திலிருந்து' என்ற ஒரு சொல்லே ஒரு வரியைத் தின்றுவிடும். இரண்டு ஓரமும் நேராக நிற்க வேண்டும் என்று ஜஸ்டிஃபை செய்தால் சொல்லுக்குச் சொல் பள்ளம் விழும், இடது பக்கம் மட்டும் ஒழுங்காக நிற்கட்டும். 'லீ'யின் சுழி மேலே ஏறும், 'மூ'வின் வால் கீழே இறங்கும், ஆகவே வரிகளுக்கு நடுவே தாராளமாக இடம் விடுங்கள். இடம் போதவில்லை என்று தமிழை மட்டும் சின்னதாக்கச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். இரண்டையும் ஒரே அளவில் வைத்து, பலகையைப் பெரிதாக்கக் கேளுங்கள். தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த அம்மா ஒருவர் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே வருகிறார். அவருக்காக நீங்கள்தான் பேச வேண்டும்.

பக்கம் வடிவமைக்கும் இன்டிசைன் மென்பொருளில் வேர்ல்ட்-ரெடி கம்போஸர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் 'கொ'வின் கொம்பு இடம் மாறி நிற்கும். ஆபீஸில் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்து வைத்த குறிப்புகளைக் கொடுப்பார்கள். யூனிகோடுக்கு மாற்றியதும் அப்படியே எடுத்துப் போட்டுவிடாதீர்கள். 'ஔவையார்' என்பது 'ஒளவையார்' என்று ஒகரமும் ளகரமுமாக வந்து நிற்கும். திரையில் கண் ஏமாறும், பெரிய எழுத்தில் அச்சானதும் பல்லை இளிக்கும். கணினியை நம்பாமல் தாளில் எடுத்து, வாய்விட்டுப் படித்துத் திருத்துங்கள்.

அளவு விஷயத்திலும் கவனம் வேண்டும். ஓவியத்தின் அளவை எழுதும்போது உயரம் முதலில், அகலம் அப்புறம். ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடையில் அகலத்தைத்தான் முதலில் சொல்வார்கள். எதிரே தொங்கும் ஓவியத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு எண்களைப் போட்டால் தப்பு வராது.

போஸ்டர் செய்யும்போது ஓவியத்தை உங்கள் இஷ்டத்துக்கு வெட்டாதீர்கள், அதன் மேல் எழுத்தை ஓட்டாதீர்கள். ஒரு பகுதியை மட்டும் போட்டால் அது பகுதி என்று குறிப்பிட வேண்டும். உரிமையும் பார்க்க வேண்டும். நம் சட்டப்படி ஓவியர் இறந்த பிறகு 60 வருடம் பதிப்புரிமை இருக்கும். ராஜா ரவிவர்மா 1906இல் காலமானவர், அவர் ஓவியத்துக்குத் தடையில்லை. சோழமண்டலம் கலைஞர் கிராமத்தைத் தொடங்கிய கே.சி.எஸ். பணிக்கர் காலமானது 1977இல். அவர் ஓவியங்களுக்கு 2037 முடியும்வரை உரிமை உண்டு. ஓவியம் அருங்காட்சியகத்தின் சொத்தாக இருக்கலாம், அதை அச்சடிக்கும் உரிமை ஓவியரின் குடும்பத்திடம் இருக்கலாம். கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

சேர்வதற்கு முன்னால் அவர்களுக்கு ஒரு மெயில் போடுங்கள். எனக்கு வேலை சொல்லித்தரப்போவது யார், செய்ததை போர்ட்ஃபோலியோவில் வைக்கலாமா, பஸ் செலவு தருவீர்களா என்று மூன்றே கேள்வி. கேட்பதில் தப்பே இல்லை. முதல் கேள்விக்கே பதில் மழுப்பலாக வந்தால் நானும் யோசிப்பேன்.

போர்ட்ஃபோலியோவில் வெறும் லேபிள் ஃபைலை வைத்தால் சீனியர் சொன்னதுதான் நடக்கும். முதலில் ஒட்டிப் பார்த்த தாள், அதில் பென்சிலால் போட்ட திருத்தம், கடைசியில் சுவரில் நிற்கும் லேபிள் என்று மூன்றையும் வரிசையாக வையுங்கள். ஏன் மாற்றினீர்கள் என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி எழுதுங்கள். வேலைக்கு ஆள் எடுக்க உட்காரும்போது நான் தேடுவது அதைத்தான்.

அப்பாவிடம் வாயால் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். இந்த ஞாயிற்றுக்கிழமை அவரையும் கூட்டிக்கொண்டு தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்துக்குப் போய் வாருங்கள், உங்கள் ஊரிலிருந்து 40 கிலோமீட்டர்தான். சோழர் காலத்து வெண்கலங்கள் இருக்கும் இடத்தில் ஒரு மணி நேரம் ஓரமாக நில்லுங்கள். யார் எந்தக் குறிப்பின் முன்னால் நிற்கிறார்கள், எங்கே படிக்காமல் நகர்ந்துவிடுகிறார்கள் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். அப்பா எதைப் படித்தார், எதை விட்டார் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். திரும்பி வரும் பஸ்ஸில் அந்த நோட்டை அவரிடம் காட்டுங்கள்.